சிரிக்காமல் கேளுங்கள், டொக்டர்

கனடாவில் 1998இல் ஒழிக்கப்பட்ட சின்னமுத்து, ஊசி போடாதவர்களிடையே மறுபடி பரவியது. 2025 நவம்பரில் ‘ஒழித்த நாடு’ என்ற தகுதியையே இழந்தோம். எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு என்று பயங்கிளப்பிய கட்டுரையை ‘லான்செட்’ 2010இலேயே மீளப்பெற்றது. வட்ஸ்அப்பில் அந்தக் கதை இன்னும் சுற்றுகிறது.

அதைக் காட்டும் தாயைப் பார்த்து வைத்தியர் சிரித்தால், அடுத்தமுறை அவர் வாயே திறக்கமாட்டார். “இதில் எது உங்களைப் பயப்படுத்தியது?” என்று முதலில் கேட்கவேண்டும், பிறகுதான் விளக்கம். தாதியாக என் கருத்து இதுதான்.

மில்லிக்கன் தம்பி தங்கச்சிமாரே, அம்மம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போவது நீங்கள். அவர் போனில் பார்த்ததை வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வைத்தியர் சொன்னதையும் குறைக்காமல் அவருக்குச் சொல்லுங்கள். அதை அனுப்பிய மாமாவைக் குடும்பக் குழுவில் திருத்தவேண்டாம். தனியே போன் எடுத்துப் பேசுங்கள்.