பால் போதுமா என்ற கேள்வி

தீபாவளியை ஒட்டி இந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சியிலும் ஜவுளிக்கடைப் பதாகைகளிலும் ஓர் இளந்தாய் திரும்பத் திரும்ப வருகிறாள். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, ஒரு கையில் குழந்தை, மறு கையில் பலகாரத் தட்டு என்று நிற்கும் அவள் முகத்தில் தூக்கமின்மையின் சுவடே இல்லை. விளம்பரம் விளம்பரமாகவே நின்றுவிட்டால் கவலையில்லை. அந்தப் படத்தையே அளவுகோலாகக் கொண்டு, பிள்ளை பெற்று முப்பது நாள்கூட ஆகாத பெண்ணை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, தலைக்குக் குளிக்க வைத்து, புதுச்சேலை உடுத்தி, கூடத்தில் உட்காரவைக்கும் வழக்கம் வீடுகளில் இன்னும் இருப்பதுதான் பொறுக்க முடியாதது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை வழியாக நடந்தவை. பச்சை உடம்புக்காரி என்று பெரியவர்கள் சொல்லும் அந்த நிலை, அதாவது கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்பவும் தையல் ஆறவும் தேவைப்படும் காலம், மருத்துவக் கணக்கில் ஏறத்தாழ ஆறு வாரம். அந்த ஆறு வாரத்துக்குள் பண்டிகை வந்துவிட்டது என்பதற்காக உடம்பு விரைந்து ஆறிவிடாது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ்க் குடும்பங்களில் பரவலான வழக்கம் என்பதால், தீபாவளியன்று அந்த வீட்டுக்கு இரட்டைக் கூட்டம் வருகிறது. பண்டிகைக்கு வருவோரும் பிள்ளை பார்க்க வருவோரும் ஒன்றாகவே வருகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் சீரோடு வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரும் குழந்தையைக் கையில் வாங்கி, நிறத்தையும் மூக்கையும் பற்றிக் கருத்துச் சொன்ன பிறகு தாயைப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்வி: “பால் போதுதா?” அன்பினால் கேட்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பகலில் பத்துப் பேர் வாயிலிருந்து இதே கேள்வியைக் கேட்கும் இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு, தன் உடம்பு ஏதோ ஒரு தேர்வில் தவறிவிட்டது என்றே தோன்றும். இந்த வாரம் வேறு எதைப் பற்றி எழுதாவிட்டாலும் இந்தக் கேள்வியைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்பதற்குக் காரணம், கேட்கப்படும் சூழலே அது அஞ்சும் குறையை உண்டாக்கிவிடுகிறது என்பதுதான்.

தாய்ப்பால் சுரப்பதில் இரண்டு இயக்குநீர்கள், அதாவது சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலந்து உடலை இயக்கும் ஹார்மோன்கள், முதன்மையானவை. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. குழந்தை சப்பும்போதெல்லாம் இரண்டும் ஊறுகின்றன. கூச்சமும் பதற்றமும் வலியும் ஆக்சிடோசினைத் தடுப்பதால், மார்பில் பால் இருந்தும் இறங்காமல் நின்றுவிடும். மேலும், மார்பில் தேங்கிக் கிடக்கும் பால், புதிய பால் சுரப்பதைத் தானே குறைத்துவிடும். எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவு சுரக்கும் என்பதே இதன் கணக்கு. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் வேண்டும், மாலை நேரத்தில் அடுத்தடுத்து வேண்டும். பண்டிகை நாளிலோ கூடத்தில் விருந்தினர் இருக்கிறார்கள், உள்ளறையில் பெட்டிகளும் சீர்த்தட்டுகளும் இருக்கின்றன, குழந்தை யார் மடியிலோ இருக்கிறது. அது வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடுவதைக் கண்டும் தாய் எழுந்துபோய் வாங்கத் தயங்குகிறாள். பெரியப்பா இப்போதுதான் தூக்கினார், உடனே கேட்டால் என்ன நினைப்பார் என்ற தயக்கம் அது. இப்படி இரண்டு வேளை தள்ளிப்போனால் மார்பு கட்டிக்கொள்கிறது, கட்டிய மார்பைக் குழந்தையால் சரியாகக் கவ்வ முடிவதில்லை, குழந்தை வீறிடுகிறது, வீட்டில் யாரோ ஒருவர், பால் போதவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

அடுத்த அரை மணி நேரத்தில் மருந்துக்கடையிலிருந்து பால்மாவு டப்பா வந்துவிடுகிறது. மருத்துவக் காரணத்தால் தாய்ப்பால் தர இயலாத தாய்மாருக்கு அந்த டப்பா தேவை; அவர்களை யாரும் குறைசொல்லக் கூடாது. ஆனால் பண்டிகைக் கூட்டத்தால் தள்ளிப்போன இரண்டு வேளைப் பாலுக்கு மாற்றாக அது வீட்டுக்குள் வரும்போது, குழந்தை வயிறு நிறைந்து உறங்கிவிட, தாயின் மார்பில் பால் மேலும் தேங்கி, சுரப்பு மேலும் குறைந்து, மறுநாள் உண்மையாகவே பற்றாக்குறை தொடங்குகிறது. பால்மாவையும் பாலூட்டும் புட்டியையும் விளம்பரப்படுத்துவதை 1992 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடை செய்திருக்கின்றன. விளம்பரமே தேவையில்லாதபடி அந்த வேலையை உறவினர்களின் கேள்வி செய்துவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கும் தமிழ்நாட்டில், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகளின் விகிதம், அதே 2019-21 ஆய்வில் 63.7 விழுக்காடு என்ற தேசியச் சராசரிக்கும் கீழே கிடந்தது. மருத்துவமனை வாசல்வரை சரியாக நடப்பது வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் தடுமாறுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேடுவது கடினம்.

பால் போதுகிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. முதல் வாரம் கழிந்த பிறகு நாளுக்கு ஆறு முறையாவது குழந்தை சிறுநீர் கழிக்கிறதா, பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்தில் மீட்டுக்கொண்டதா என்று பார்த்தால் போதும். அதைப் பார்க்க வேண்டியவர் கிராமச் செவிலியர் அல்லது மருத்துவர். அதிரசம் கொண்டுவந்த அத்தை அல்லர்.

கூட்டம் கொண்டுவரும் மற்றத் தீங்குகளும் சிறியவை அல்ல. ஐப்பசி மழையோடு சளியும் இருமலும் ஊரெங்கும் இருக்கும் மாதத்தில் கன்னத்திலும் கையிலும் முத்தமிடுவோர், கக்குவான் இருமலுக்கான முதல் தடுப்பூசியே ஆறாவது வாரத்தில்தான் போடப்படுகிறது என்பதை அறிந்திருந்தால் தள்ளி நிற்பார்கள். காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் என்ற பட்டாசு வரம்பைத் தெருவே மதிக்காதபோது, தொட்டில் கிடக்கும் அறையின் சன்னலை மூடுவது தவிர அந்தத் தாய்க்கு வேறு வழியில்லை.

பழைய காலத்தில் பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று சொல்லி ஓர் அறையில் ஒதுக்கி வைத்தார்கள். அவளை அசுத்தமானவள் என்று கருதிய அந்த வழக்கம் இழிவானது, ஒழிய வேண்டியது. ஆயினும் அந்த அறைக்குள் விருந்தினர் வரவில்லை, அவள் பரிமாற வேண்டியிருக்கவில்லை, பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறும் அவள் இருக்கும் இடத்துக்கே வந்தன. தீட்டு போனபோது கூடவே ஓய்வும் போய்விட்டது. ஓய்வை மட்டும் தனியே பிரித்துக் காப்பாற்ற இன்றைய குடும்பங்கள் கற்றுக்கொள்ளவில்லை. பிரசவத்துக்குப் பின் சில நாள் தோன்றி மறையும் கண்ணீரும் எரிச்சலும் இயல்பானவை. இரண்டு வாரம் கடந்தும் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் குழந்தை மீதுள்ள நாட்டத்தையும் குலைத்தால் அது பேறுகால மனச்சோர்வு என்னும் நோய், மருத்துவம் தேவைப்படுவது. நல்ல நாளில் அழலாமா என்று அவளை அதட்டும் வீட்டில் அந்த நோய் கண்ணில் படாமலே போகும். 14416 என்ற அரசின் கட்டணமில்லாத மனநல உதவி எண்ணைப் பலகாரச் சீட்டுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கும் தாத்தா பாட்டியருக்கு மகள் நன்றி சொல்வாள்.

வாசலில் நின்று, அவள் உறங்குகிறாள், பொங்கலுக்குப் பிறகு வாருங்கள் என்று முகம் கோணாமல் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. அவர் குழந்தையின் தந்தை. தாயின் தாயால் அதைச் சொல்ல முடியாது. சம்பந்தி வீட்டாரிடம் சொன்னால் பகை வரும். ஆனால் அந்தத் தந்தை பண்டிகைக்கு முந்திய இரவு பேருந்து பிடித்து வந்து, மறுநாள் மாலையே திரும்புகிறவராக இருக்கிறார். தாய்க்கு ஊதியத்துடன் 26 வாரம் விடுப்புத் தந்த, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் தந்தைக்கு ஒரு நாளும் தரவில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு, தனியார் ஆலையிலும் கடையிலும் வேலை செய்பவருக்கு அந்த உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன் தொழிற்சங்கங்கள் நிர்வாகத்தோடு அமர்ந்து 8.33 விழுக்காடா 20 விழுக்காடா என்று போனசுக்காக வாதாடுகின்றன. அடுத்த ஆண்டு அந்தக் கோரிக்கைப் பட்டியலில் பதினைந்து நாள் தந்தைமை விடுப்பையும் சேர்த்து, ஊதியத்துடன் கேட்க வேண்டும்.