மருத்துவபீடத்தில் படிக்கும் எங்கட தம்பி தங்கச்சிமாருக்கு

 

ஜும்ஆவுக்குப் போனால் பள்ளியில் போட்டிருக்கும் கதிரைகளைப் பாருங்கள். அதில் இருந்து தொழுகிறவர்கள் எல்லோரும் வயதானவர்கள் இல்லை. வீட்டில் உம்மாமார் காலையில் விரலை மடக்க முடியாமல் தேங்காய் திருவக் கஷ்டப்படுகிறார்கள். நாங்கள் "வாதம்தானே" என்று எண்ணெய் பூசி, பெனடோல் கொடுத்து விட்டுவிடுகிறோம்.

வாதம் எல்லாம் ஒன்றல்ல. காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் மூட்டு விறைத்து, வீக்கமும் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஆரம்பத்திலேயே பிடித்தால் வாரத்துக்கு ஒருநாள் எடுக்கும் மெதோட்ரெக்ஸேட் போன்ற பழைய மருந்தாலேயே பலருடைய மூட்டைக் காப்பாற்றலாம். பிந்தினால், கோணிய விரலை மருந்து நிமிர்த்தாது. இளம் பெண்களுக்குக் கூடுதலாக வரும் லூபஸ் சிறுநீரகத்தையும் பழுதாக்கும்.

எங்கள் நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வாதநோயையும் புனர்வாழ்வையும் ஒரே எம்.டி. துறையாகத்தான் படிப்பிக்கிறது. வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான துறை எது? 2009 வரை யுத்தம் நடந்த மண் இது. கால் இழந்தவர்களும், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் இன்னும் எங்களோடுதான் வாழ்கிறார்கள்.

"அதில பேரும் இல்ல, காசும் இல்ல" என்று சொல்வார்கள். பிழை எங்களிலும் உண்டு. பிள்ளை மெடிசினுக்கு எடுபட்டதும் "ஹார்ட் டொக்டரா வரணும், சேர்ஜனா வரணும்" என்று நாங்கள்தானே சொல்கிறோம்? வாத நோயாளி உடனே மௌத்தாவதில்லை. அதனால் அவருடைய வேதனை எங்களுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்கள். அந்த ஒதுக்கீடு இந்த மக்களின் கஷ்டத்தின் பெயரால் வந்தது. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, ஓலைக் கொட்டிலில் பாடம் நடத்திய ஊர்களின் பங்கும் அதில் இருக்கிறது. துறையைத் தெரிவு செய்யும் நாளில் அந்த ஊர்களையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஊரவர்களே, நாங்களும் சும்மா இருக்க வேண்டாம். வீங்கிய மூட்டோடு மாதக்கணக்கில் வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஓஎல், ஏஎல் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு துறை இருக்கிறது என்று இப்போதே சொல்லி வைப்போம்.

இன்ஷா அல்லாஹ், கிளினிக்குக்காக விடியமுன் தூர பஸ் ஏறும் உம்மாமாரை எங்கட பிள்ளை ஒருவரே சொந்த ஊரில் பார்க்கும் காலம் வரட்டும்.

தெரிந்த மருத்துவ மாணவர்களுக்கு இதை அனுப்பி விடுங்கள்.