மலிவுப் பெட்டியும் வெப்ப நாடும்

சிங்கப்பூரின் மின்பொருள் கடைகளில், பன்னிரண்டு புட்டிகள் கொள்ளும் சிறிய மதுக் குளிர்ப்பெட்டி, கருங்கண்ணாடிக் கதவும் நீல விளக்குமாக நின்று வாங்குவோரை அழைக்கின்றது. விலை குறைவு, ஓசை இல்லை, இடத்தை அடைப்பதில்லை. வீவக அடுக்குமாடியில் புதுமனை புகுந்த இளந்தம்பதியர், கூடத்தின் மூலையில் மதுமாடம் ஒன்றமைத்து அதனடியில் இப்பெட்டியைச் செருகிவிட்டால் இல்லம் நிறைவு பெறும் என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. அதனினும் பெரும்பிழை, அதனை மலிவுப்பொருள் என்று கூவி விற்பது.

மதுவே ஆகாது, அதற்கொரு பெட்டி எதற்கு என்பார் உளர். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அத்தகைய வரலாறுடைய சமுதாயத்தில் அக்குரல் எழுவது இயல்பே. ஆயினும், குடிப்பவனை ஏமாற்றலாம் என்பது எந்த அறநூலின் முடிபும் அன்று.

குளிர்ப்பெட்டிகள் இருவகைப்படும். ஒன்று, வீட்டுச் சமையலறையில் உள்ளதைப் போன்று கம்பிரசர் கொண்டு இயங்குவது. மற்றொன்று, பிரெஞ்சு அறிஞர் பெல்ட்டியர் 1834இல் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டது. இருவேறு பொருள்கள் இணையுமிடத்தில் மின்னோட்டம் பாயும்போது ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடேறும். அச்சூட்டைச் சிறு விசிறி வெளியேற்றும். விலை குறைந்த சிறு பெட்டிகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே.

இவ்வகைப் பெட்டி தன் விருப்பப்படி குளிர்வதில்லை. அறையின் வெப்பத்தைச் சார்ந்தே குளிர்கின்றது. அறை வெப்பத்தினும் ஏறத்தாழ 10 முதல் 15 பாகை வரை குறைப்பதே சிறு பெட்டிகளின் ஆற்றல். ஐரோப்பிய இல்லமொன்றில் அறை வெப்பம் 22 பாகை எனின், உள்ளே 9 பாகை எளிதில் கிட்டும். சிங்கப்பூரிலோ, கோலாலம்பூரிலோ பிற்பகல் வெப்பம் 31 பாகை. அதிலிருந்து 13ஐக் கழித்தால் எஞ்சுவது 18. உயர்நிலைப்பள்ளி மாணவன் செய்யும் கணக்கு இது. கடைக்காரர் மட்டும் செய்ய மறுக்கின்றார். திராட்சை மதுவை நெடுநாள் வைத்திருக்க வேண்டுவது 12 முதல் 14 பாகை. வெண்மதுவைப் பரிமாற 8 முதல் 12 பாகை வேண்டும். 18 பாகையில் நிற்கும் பெட்டி இவ்விரண்டிற்கும் உதவாது. பல கையேடுகளில், கூறப்பட்ட குளிர்ச்சி 25 பாகை அறைக்கே பொருந்தும் என்னும் செய்தி எறும்பளவு எழுத்தில் ஒளிந்திருக்கும். கடைவாயிலில் தொங்கும் அட்டையிலோ அதற்கு இடமே இல்லை!

அறையைக் குளிரூட்டினால் ஆயிற்று என்று விடை கூறுவோர், ஒரு பெட்டிக்குத் துணையாக இரவும் பகலும் மற்றோர் இயந்திரத்தை ஓட்டச் சொல்கின்றனர். மின்கட்டணத்தையும் அவர் எண்ணுவதில்லை. 70 வாட் பெட்டி, வேண்டிய குளிர்ச்சியை எட்டமாட்டாமல் ஓயாது ஓடினால் நாளொன்றுக்கு 1.68 யூனிட், ஆண்டுக்கு 600 யூனிட்டுக்கும் மேல். கம்பிரசர் பெட்டியோ குறித்த குளிர்ச்சி வந்ததும் ஓய்வெடுக்கும். வாங்கும் நாளில் மிச்சமான வெள்ளி, மாதந்தோறும் சிறுகச்சிறுகக் கசிந்து போகின்றது.

அதிர்வு இல்லை என்பது இப்பெட்டிக்குச் சொல்லப்படும் மற்றொரு சிறப்பு. அது ஓரளவு உண்மை. ஆனால் அதிர்வைப் பற்றிக் கவலை கொள்ளவேண்டியவர், பத்தாண்டு முதிரவேண்டிய மதுவைச் சேர்த்து வைப்பவர். பேரங்காடியில் வாங்கும் புட்டிகளுள் மிகப்பல ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அருந்தப்படவேண்டியவை. வைத்திருப்பதால் அவை உயர்வதில்லை. சிங்கப்பூரில் 2014இல் மதுவின் தீர்வை, அதிலுள்ள ஆல்கஹாலின் லிட்டருக்கு 88 வெள்ளியாக உயர்ந்தது. 13 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 750 மில்லிலிட்டர் புட்டியொன்றில் ஏறத்தாழ எட்டரை வெள்ளி தீர்வையே ஆகும். இருபது வெள்ளிப் புட்டியைப் போற்றிக் காப்பவர் அதில் ஐந்தில் இரு பங்குக்கு மேல் தீர்வையைத்தான் போற்றுகின்றார்!

உண்மையிலேயே பெட்டி வேண்டுவோர் கம்பிரசர் வகையையே நாடவேண்டும். பின்புறத் தகட்டில் தட்பவெப்பப் பிரிவைக் காட்டும் எழுத்து இருக்கும். 'என்' எனின் 32 பாகை வரையும், 'எஸ்டி' எனின் 38 வரையும், 'டி' எனின் 43 வரையும் உள்ள சூழலுக்கு உரியது. வெப்ப நாட்டார்க்குப் பின்னிரண்டே தக்கவை. பன்னிரண்டு புட்டி என்னும் கணக்கும் ஒல்லியான போர்தோ புட்டியை வைத்துப் போட்டது; பருத்த பர்கண்டி, ஷாம்பெயின் புட்டிகளை அடுக்கினால் தொகை குறையும். காற்றோட்டத்திற்கென வடிவமைக்கப்படாத பெட்டியை மரமாடத்துள் செருகுவது, மூச்சுவிடும் வாயை அடைப்பதற்கு நிகர்.

மாதம் இரண்டு மூன்று புட்டிக்கு மேல் திறவாத இல்லத்திற்கோ தனிப்பெட்டியே வேண்டுவதில்லை. சமையலறைக் குளிர்ப்பெட்டி ஏறத்தாழ 4 பாகையில் உள்ளது. வெண்மதுவை அதிலிருந்து பரிமாறுவதற்குக் கால்மணி நேரம் முன்னர் எடுத்து வைக்கலாம். செம்மதுவை அரைமணி நேரம் முன்னர் உள்ளே வைக்கலாம். இதற்கு ஒரு காசும் செலவில்லை; எந்தக் கடைக்காரரும் இதனைக் கூறப்போவதுமில்லை.