உரையை எறியும் கருவிகள்

மூலம் மட்டும் இருந்தால் போதுமா? இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் உரை வரைந்திராவிடின், தொல்காப்பிய நூற்பாக்களில் எத்தனை இன்று நமக்கு விளங்கும்? இவ்வினாவைக் கணிப்பொறி நிரலுக்கும் எழுப்ப வேண்டியுள்ளது.

நிரல் பொறிக்கு மட்டுமன்று, மாந்தன் படித்துணர்தற்கும் உரியது என்பது அமெரிக்க அறிஞர் தொனால்டு கனூத்தின் கொள்கை. 1984 இல் அவர் விளக்கி வெளியிட்ட முறையில், உரையும் நிரலும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து நிற்கும். ஒரு கருவி நிரலைப் பிரித்துப் பொறிக்குத் தரும்; மற்றொன்று இரண்டையும் நெய்து படிப்பார்க்கு நூலாக்கித் தரும். 'தெக்' என்னும் அவருடைய அச்சுக்கோப்பு நிரல் இவ்வாறே எழுதப்பட்டது.

ஆனால், 'தாக்சிசன்' போன்ற ஆவணக் கருவிகள் நிரலினுள் குறியிட்ட குறிப்புரையையே படிக்கும். குறியின்றி வெளியே நிற்கும் உரையை அறியா. ஆதலின், கருவியிடம் தருமுன் கோப்பை ஒரு வடிப்பியால் செப்பஞ்செய்தல் வேண்டும். ஈண்டே பிழை நேர்கிறது. 'ஆசுகெல்' மொழிக்குரிய 'அன்லிட்' என்னும் வடிப்பி, உரைவரிகளை வெற்று வரிகளாக்கி விடுகிறது. நிரலை இயக்க அது போதும். ஆவணம் ஆக்கப் போதாது. வரியெண் பிழைக்கிறது; பொருள் மாய்கிறது!

மூலக்குளத்தில் என் பழைய மாணவர் ஒருவர் தம் நிரலைக் காட்டினார். பத்துப் பக்கம் நல்ல தமிழுரை. கருவி ஈன்ற ஆவணத்திலோ ஒரு வரி தமிழும் இல்லை. "கருவி அப்படித்தான், ஐயா" என்றார். கருவிக்கு நாம் அடிமையா, நமக்கு அது ஏவலா?

செய்யத்தக்கது எளிது. உரைவரி ஒவ்வொன்றன் முன்னும் குறிப்புரைக் குறியை இடுக. வடிப்பி வரிகளைக் கூட்டவும் குறைக்கவும் கூடாதென்பது தாக்சிசனின் கட்டளை. மீறினால் அது சுட்டும் வரியெண் மூலத்தோடு பொருந்தாது. இன்னொன்று: இன்று பெருவழக்கான ஒருங்குறி முறையில் 'க' மூன்று பைட்டு, 'கா' ஆறு பைட்டு. பைட்டெண்ணி வெட்டும் வடிப்பி தமிழெழுத்தைச் சிதைக்கும்; எழுத்தெண்ணியே வெட்டுக.

"ஆங்கிலத்தில் எழுதினால் இத்தொல்லை இல்லையே" என்பர் சிலர். அயலார் படிக்கும் நிரலுக்கு ஆங்கில உரையும் சேர்க்க, தடையில்லை. ஆனால், தமிழ்ப் பிள்ளைகட்கென முத்தையா அண்ணாமலை படைத்த 'எழில்' நிரல்மொழியில் எழுதுவார்க்கு உரை எம்மொழியில் வேண்டும்?

1887 இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ.வே.சாமிநாதர், சுவடிகளில் மயங்கிக் கிடந்த மூலத்தையும் உரையையும் மேற்கோளையும் பிரித்துக் காட்டினார், எதனையும் எறிந்தாரல்லர். நிரலெழுதும் தமிழிளைஞரே, அப்பணி இன்று நும் கையில் உள்ளது. பிரிக்க, எறியற்க!