குளம் வரைந்தவன் இளிச்சவாயனா?

சிறுமலைத் தண்ணீரை நம்பிய திண்டுக்கல் குளங்கள் பல கோடையில் காய்ந்துவிடும். சாட்டிலைட் படத்தில் பார்த்தால் வெறும் பொட்டல். பொட்டல் என்றே விட்டுவிட்டால் பிளாட் போடுகிறவனுக்குக் கொண்டாட்டம்! ஆக, வரைபடத்தில் குளத்தை வரையத்தான் வேண்டும். எந்த வரைபடத்தில் என்பதில்தான் சண்டை.

2008ல் கூகுள் 'மேப் மேக்கர்' எடிட்டரை இந்தியாவுக்குத் திறந்துவிட்டது. கோடு இழுத்தால் தெரு, புள்ளிகளைச் சுற்றி மூடினால் குளம். பசங்க கண்முழித்து வரைந்தார்கள். கூலி கிடையாது; ஆசைக்குச் செய்தது, போகட்டும். 2017 மார்ச்சில் கடையை மூடினார்கள். எடிட்டர் போச்சு, வரைந்ததெல்லாம் கம்பெனி வரைபடத்திலேயே தங்கிவிட்டது. உழைப்பு ஒருத்தன் கணக்கில், சொத்து இன்னொருத்தன் கணக்கில். எந்தப் பேரேட்டில் இது நேராகும்?

2004ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அப்படியில்லை. மொத்தத் தரவையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் பகிர்ந்தால் வியாபாரத்துக்கும் தடையில்லை. (கூகுள் படத்தைப் பார்த்து மட்டும் நகலெடுக்கக் கூடாது.) காய்ந்த குளத்துக்கும் அதில் வழி இருக்கிறது: கரையைச் சுற்றி வரைந்து 'இன்டர்மிட்டன்ட்' என்று குறித்தால், சில காலம் மட்டும் தண்ணீர் நிற்கும் குளம் என்று பதிவாகிவிடும்.

இருபது புள்ளி, பத்து நிமிஷம். இதையும் கம்பெனிக்கே தானம் பண்ணுவேன் என்பவரை என்ன சொல்ல?