பெயர்ப்பட்டை

மகளின் காக்கிச் சட்டையை வாரத்துக்கு ஒருமுறை நான்தான் தேய்க்கிறேன். அவள் கேட்கவில்லை, நானாக எடுத்துக்கொண்ட வேலை. பெட்டியைச் சூடாக்குவதற்கு முன்னால் நெஞ்சுப் பையின் மேலிருக்கும் பெயர்ப்பட்டையைக் கழற்றி மேசைமேல் வைப்பேன். கறுப்புப் பட்டை, வெள்ளை எழுத்து, தேவநாகரி லிபி. முதலில் அவள் பெயரின் ஓர் எழுத்து, அதற்கடுத்து முழுசாக என் பெயர்.

என் பெயர் அங்கே போனதற்கு ஒரு கதை உண்டு. மகாராஷ்டிரத்தில் ஓர் ஆளுக்கு மூன்று பெயர் வேண்டும்: தன் பெயர், அப்பா பெயர், ஆட்நாவ் என்கிற குடும்பப் பெயர். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று ஆட்நாவ் கட்டத்தை வெறுமையாக விட்டேன். டீச்சர் விடவில்லை. "அண்ணா, ஆட்நாவ் இல்லாத மனுஷன் உண்டா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் உண்டு என்றேன். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டிவரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். என் தாத்தா காலத்தில் எங்கள் வீட்டிலும் அது உதிர்ந்துபோனது. அதையெல்லாம் விளக்குகிற அளவுக்கு அன்று எனக்கு மராட்டி வராது. கடைசியில் டீச்சரே வழி சொன்னார். அப்பா பெயர் கட்டத்திலும் என் பெயர், ஆட்நாவ் கட்டத்திலும் என் பெயர்.

போலீஸில் ஒருவரை ஒருவர் ஆட்நாவ் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆகவே மகளுடைய ஸ்டேஷனில் நாள் முழுக்க என் பெயர் ஒலிக்கிறது, பின்னால் 'மேடம்' சேர்ந்து.

முன்பு ஒருமுறை ஒரு காவல் நிலையத்தில் என் பெயர் வேறு மாதிரி ஒலித்தது. 2009-ஆம் வருஷம். புனே பக்கத்துப் போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் இரண்டு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தேன். ஒரு ராத்திரி ஷட்டரை நெம்பி, டெலிவரிக்கு வைத்திருந்த பித்தளை புஷ் ஒரு சாக்கு நிறையத் தூக்கிப் போய்விட்டார்கள். புகார் கொடுக்கப் போனேன். மனைவிக்குக் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். வீட்டில் ஆளில்லாததால் எட்டு வயது மகளையும் கூட்டிப்போனேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேசைக்கு முன்னால் நின்றவர்கள் ஒன்பது மணி வரைக்கும் நின்றோம். சுவரோரம் பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல ஆளில்லை, சொல்லாமல் உட்கார எனக்குத் தைரியமில்லை. "ஏ மதராசி, ஆட்நாவ் என்ன?" என்று கேட்டார் எழுதுகிறவர். என் பெயரையே இரண்டு தடவை சொன்னேன். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். மகள் என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி இன்னும் என் விரலில் இருக்கிறது.

அந்த ராத்திரிதான் அவளைப் போலீஸ் ஆக்கியது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன மாதம் கேட்டே விட்டேன். "அதெல்லாம் இல்லப்பா. எனக்கு ஓடப் பிடிக்கும், அதான்" என்றாள்.

ஓடினாள் என்பது நிஜம். போசரியில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்திராயணி நகர் விளையாட்டு மைதானத்துப் பக்கம் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் 'போலீஸ் பர்த்தி'க்கு, அதாவது ஆள்சேர்ப்புக்குத் தயாராகிற பிள்ளைகள். விதர்பாவிலிருந்தும் மராட்வாடாவிலிருந்தும் வந்து ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கி ஓடுகிறவர்கள் பாதிப் பேர். 2024-இல் மாநிலம் முழுக்க 17,471 இடங்களுக்குப் பதினேழு லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தது. நூறு பேர் ஓடினால் ஒருவருக்குத்தான் சட்டை. மைதானத்துக்கு 50 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 100. பெண்கள் 800 மீட்டரை 2 நிமிஷம் 50 விநாடிக்குள் ஓடினால் அதற்குரிய இருபதும் கிடைக்கும். நூறு மீட்டர் ஓட்டமும் குண்டு எறிதலும் தனி. எழுத்துத் தேர்வு மராட்டியில்தான், மராட்டி இலக்கணமும் உண்டு. அதில் நான் கவலைப்பட ஒன்றுமில்லை. வீட்டில் எங்கள் மராட்டியைத் திருத்துகிறவளே அவள்தான்.

குண்டு எறிதலில்தான் பின்தங்கினாள். பெண்களுக்கு நாலு கிலோ குண்டு, ஆறு மீட்டரைத் தாண்டினால் முழு மதிப்பெண். பயிற்சி அகாடமியில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு குண்டு. கை சூடாவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடும். கடையில் வாங்கலாம் என்றாள் மனைவி. லேத் வைத்திருக்கிறவன் இரும்புக் குண்டை விலைக்கு வாங்குவதா என்று எனக்கு வீம்பு.

எம்.எஸ். இரும்பு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். நாலு கிலோ வேண்டுமென்றால் விட்டம் 99 மில்லிமீட்டர் வர வேண்டும் என்று கணக்குப் போட்டேன். 110 மில்லி ரவுண்ட் பாரில் ஒரு துண்டு அறுத்து, தகட்டில் அரைவட்டம் வெட்டி டெம்ப்ளேட் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். உருளையைக் கடைவது கண்ணை மூடிக்கொண்டு வரும். உருண்டை அப்படியல்ல. இரண்டு கைப்பிடியையும் ஒரே நேரத்தில் சுற்றி, டூல் வில்லாக வளைந்து போக வேண்டும், ஒரு கை முந்தினாலும் பள்ளம் விழும். சாயங்காலம் காய்கறிக் கடைத் தராசில் வைத்தேன். 4 கிலோ 30 கிராம். திரும்ப வந்து இன்னொரு கட் எடுத்து, எமரி தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். முப்பது வருஷத்தில் கம்பெனிகளுக்கு எத்தனையோ லட்சம் உருப்படி கடைந்திருக்கிறேன். எது எந்த வண்டிக்குள் போனதென்று எனக்குத் தெரியாது. போன இடம் தெரிந்த உருப்படி அது ஒன்றுதான்.

மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். பொம்பளப் பிள்ளை, ராத்திரி டூட்டி, கலவரம் என்று அடுக்குவாள். அவளுக்காகவே மகள் ஒருநாள் என். அம்பிகாவின் பேட்டியைப் போட்டுக் காட்டினாள். பதினாலு வயதில் திண்டுக்கல்லில் ஒரு கான்ஸ்டபிளுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு பத்தாவது எழுதி, ஐ.பி.எஸ். ஆகி, நம் மும்பையில் துணை ஆணையராக இருந்தவர். பேட்டி முடியும் வரை மனைவி வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை மைதானத்துக்கு ஃபிளாஸ்க்கில் கஞ்சி போனது.

இன்னொரு படமும் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. 2021 ஜனவரியில் திருப்பதியில் ஆந்திரப் போலீஸ் கூட்டம். சர்க்கிள் இன்ஸ்பெக்டர் ஷ்யாம் சுந்தர், குண்டூர் டி.எஸ்.பி.யான தன் மகள் ஜெஸ்ஸி பிரசாந்திக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார், மகள் திருப்பி அடித்தார். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. அதற்கு முன்னால் 2018 செப்டம்பரில் ஹைதராபாதுக்கு வெளியே கொங்கர கலானில் ஒரு பெரிய அரசியல் பொதுக்கூட்டத்தின் பந்தோபஸ்தில், துணை ஆணையர் உமாமகேஸ்வர சர்மா ஜகித்யால் எஸ்.பி.யான மகள் சிந்து சர்மாவுக்கு அதே மாதிரி சல்யூட் அடித்தார். பதினாலு வயதுக்குள் பிள்ளையைத் தோளில் தூக்குவதை நிறுத்திவிடுகிறோம். பிறகு அந்தப் பாரம் இல்லாமல் தோள் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறது. அந்த இரண்டு அப்பன்மாருக்கும் கையை நெற்றிக்குக் கொண்டுபோக ஒரு முறை இருந்தது. அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன். நான் லேத்காரன். சாதாரண உடுப்பில் நான் சல்யூட் அடித்தால் அது விளையாட்டாகிவிடும்.

2018 ஆகஸ்ட் 15-இல்தான் புனே நகரப் போலீஸிலிருந்தும் புனே ஊரகப் போலீஸிலிருந்தும் பிரித்து பிம்ப்ரி-சிஞ்ச்வாடுக்குத் தனி ஆணையரகம் வந்தது. முதல் ஆணையர் ஆர்.கே. பத்மநாபன். எங்கள் போசரியும் அதற்குள்தான். மகளுக்கு அந்த ஆணையரகத்திலேயே இடம் கிடைத்தது. தேர்வான செய்தி வந்த அன்று பட்டறைக்கு இரண்டு கிலோ பேடா வாங்கிப் போனேன். பக்கத்துப் பட்டறை மராட்டிக்காரர் என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, உன் பெண் இல்லை, போசரியின் பெண்" என்றார்.

பயிற்சி முடிந்து, தீக்ஷாந்த் என்கிற நிறைவு அணிவகுப்புப் பார்த்து, வேலையில் சேரப் போகிற காலையில் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்.

"தாயி, புகார் கொடுக்க வர்றவங்கள மொதல்ல உக்காரச் சொல்லு."

"சரிப்பா" என்றாள். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, நிமிராமல், "அந்த பெஞ்ச் பச்சைக் கலர்ப்பா" என்றாள்.

இந்த முறை கணபதி விசர்ஜனத்துக்கு அவளுக்கு பந்தோபஸ்து. எங்கே நிற்கிறாள் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனாலும் மனைவி சும்மா இருப்பாளா? டோல்-தாஷா மேளச் சத்தம் போன திசையிலெல்லாம் போனோம். ராத்திரி பத்துக்கு மேல் ஒரு முக்கில், கயிறு கட்டிய இடத்தில், குலால் தூள் படிந்த தொப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து நிற்கிறாள் என்பது கால் மாற்றி மாற்றி ஊன்றியதில் தெரிந்தது. பெயர்ப்பட்டையிலும் சிவப்புத் தூள்.

பெரிய கணபதி திரும்பும்போது கூட்டம் நெருக்கியது. நான் என்னை அறியாமல் கயிற்றைத் தாண்டி ஓர் அடி வைத்துவிட்டேன். அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கையை நீட்டி, "காகா, மாகே ஸரா" என்றாள். பெரியவரே, பின்னால் போங்க.

ஓர் அடி பின்னால் வந்தேன். பக்கத்தில் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்த பையனின் தோளைத் தொட்டு, "தம்பி, நீயும் பின்னால வா" என்றேன் தமிழிலேயே. அவனுக்குப் புரிந்தது. பின்னால் வந்தான்.