அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக்: மாட்டினால் மட்டும் போதுமா?

2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் பழைய மாடல்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மதுரைக்குள் மெதுவாக ஓட்ட அது போதும். ஆனால் கொடைக்கானல் மலையிறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி விரியும். பெடல் கீழே போகும், வண்டி நிற்காது.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்றுவது நியாயமே. பிற்கால மாடல்கள் சிலவற்றில் கம்பெனியே அப்படித்தான் கொடுத்தது. ஆனா, டிஸ்க்கை மாட்டியதும் வேலை முடிஞ்சிடாது. சுழலும் டிரம், ஷூவைத் தானே இழுத்து இறுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதனால் பூஸ்டர் வேண்டும்.

பழைய ஒற்றை மாஸ்டர் சிலிண்டரில் ஒரே இடத்தில் ஆயில் கசிந்தாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் போயிடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக ஆயில் அனுப்பும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் அவசியம். பட்ஜெட் இடித்தால் பெயின்ட்டைத் தள்ளிப்போடுங்க, இதைத் தள்ளாதீங்க.